கிராண்ட் முடியும் தேதியை விளம்பரத்தில் எழுதுங்கள்: ஆய்வகத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உயிர்மருத்துவ ஆய்வகங்களை நடத்தும் பேராசிரியர்களுக்கும், அவர்களுக்காகப் பணியிட விளம்பரங்களைச் சரிபார்த்து வெளியிடும் துறை அலுவலகங்களுக்கும் வணக்கம்.

நான் உயிர்மருத்துவப் பொறியியலில் முனைவர் பட்டம் வாங்கி, இரண்டு லேப்களில் ஆறு வருடம் போஸ்ட்டாக்காக, அதாவது பட்டத்துக்குப் பின் தற்காலிக ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஆய்வாளராக, இருந்து, இப்போது மூன்றாவது இடத்தில் ஆய்வுப் பொறியாளராக வேலை செய்கிறேன். அந்த ஆறு வருடத்தில் எத்தனை விளம்பரம் படித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. இப்போது ஆள் எடுக்கும் குழுவில் நானும் உட்காருவதால் அந்த விளம்பரங்கள் எப்படி எழுதப்படுகின்றன என்பதையும் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. சம்பளம் எவ்வளவு, அதைத் தரும் கிராண்ட் (ஆய்வு நிதி) எப்போது முடிகிறது என்று, படிக்கிறவர் எதைத் தெரிந்துகொள்ள அந்தப் பக்கத்தைத் திறக்கிறாரோ அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது, ஆனால் விளம்பரத்தில் மட்டும் வருவதில்லை.

வழக்கமான விளம்பரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். லேப் என்ன செய்கிறது என்று ஒரு பத்தி, அதில் அண்மையில் வந்த பேப்பர்களின் பெருமை. அப்புறம் தேவைகள்: செல் கல்ச்சர் தெரிய வேண்டும், கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப் ஓட்டத் தெரிய வேண்டும், பைத்தானில் நிரல் எழுதத் தெரிந்தால் நல்லது, விலங்குகளோடு வேலை செய்த அனுபவம் இருந்தால் இன்னும் நல்லது, தானாகப் பொறுப்பெடுத்துச் செய்பவராகவும் எல்லோரோடும் சேர்ந்து வேலை செய்பவராகவும் இருக்க வேண்டும். கடைசியில் இரண்டே வரி. சம்பளம் அனுபவத்துக்கு ஏற்ப. பணிக்காலம் ஓராண்டு, நிதியையும் பணித்திறனையும் பொறுத்து நீட்டிக்கப்படலாம்.

இந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டுதான் ஒருவர் நாடு மாறுவதா, கூட இருப்பவரின் வேலையை விடச் சொல்வதா, பிள்ளையைப் பள்ளி மாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

என் முதல் போஸ்ட்டாக் விளம்பரத்திலும் இதேதான் இருந்தது. 'நீட்டிக்கப்படலாம்' என்பதை நான் 'நீட்டிக்கப்படும்' என்று படித்துக்கொண்டேன். இருபத்தொன்பது வயதில், கையில் புதுப் பட்டத்தோடு, எல்லோரும் அப்படித்தான் படிக்கிறோம். என் வேலை, ஸ்டெம் செல்லில் இருந்து இதயத் தசை செல்களை உருவாக்கி, அவற்றைச் சிலிகான் ரப்பரில் வார்த்த இரண்டு சின்னத் தூண்களுக்கு நடுவே ஒரு இழையாகக் கட்டி வளர்ப்பது. இழை சுருங்கும்போது தூண்கள் உள்பக்கமாக வளையும். அந்த வளைவை வீடியோவில் அளந்தால் திசு எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்று தெரியும், ஒரு மருந்தைச் சேர்த்தால் அந்த விசை கூடுகிறதா குறைகிறதா என்றும் தெரியும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஸ்டெம் செல்களுக்கு அநேகமாகத் தினமும் ஊடகம், அதாவது அவை வளரும் ஊட்டத் திரவம், மாற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. அதில் இருந்து இதயத் தசையாக மாறி முதல் துடிப்பு கண்ணில் பட எட்டு பத்து நாள் ஆகும். அதற்கப்புறம் அதைத் திசுவாகக் கட்டி, அது ஒழுங்காக ஒரே தாளத்தில் இழுக்க ஆரம்பிக்கப் பல வாரம். நம்பத்தக்க ஓர் எண் கையில் வர இரண்டு மாதம் போய்விடும். நடுவில் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்று வந்தால் எல்லாம் முதலில் இருந்து. அதற்குச் செல் சுவரே கிடையாது என்பதால் பென்சிலின் ஒன்றும் செய்யாது, சாதாரண மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலும் தெரியாது, சோதனை போட்டால்தான் தெரியும். எங்களுக்கு ஒரு முறை வந்தது.

சேர்ந்து ஏழாவது மாதம் என் லேப் தலைவர் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கிராண்ட் இன்னும் ஐந்து மாதத்தில் முடிகிறது, புதுப்பிக்கக் கேட்டது கிடைக்கவில்லை என்றார். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. கெட்ட மனிதர் இல்லை, இன்றைக்கும் எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்தக் கிராண்டின் கடைசித் தேதி விளம்பரம் எழுதிய அன்றே அவருக்குத் தெரியும். அன்று பாக்கி இருந்தது 16 மாதம். நேர்காணல், விசா, வீடு மாறுவது எல்லாம் முடித்து நான் வந்து சேரவே நாலு மாதம் போய்விட்டது. அது அத்தனையும் அவர் மேசையில் ஒரு தாளில் இருந்தது, என்னிடம் இல்லை.

தேதியைச் சொல்லியிருந்தால் நான் வந்திருக்க மாட்டேனா என்று கேட்பீர்கள். வந்திருப்பேன். இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன், நிச்சயமாக வந்திருப்பேன். ஆனால் வேறு மாதிரி வேலை செய்திருப்பேன். புது செல் வரிசை (ஒரே மூலத்தில் இருந்து தொடர்ந்து வளர்க்கும் செல்கள்) ஒன்றைத் தொடங்கி மூன்று மாதம் செலவழித்திருக்க மாட்டேன், லேப்பில் ஏற்கெனவே நன்றாக நடந்துகொண்டிருந்த வரிசையை வைத்து ஒரு சின்னக் கேள்வியை எடுத்து அதை முடித்திருப்பேன். முதல் மாதமே ஃபெலோஷிப்புக்கு, அதாவது ஆய்வாளர் தன் பெயரிலேயே வாங்கும் நிதிக்கு, எழுத ஆரம்பித்திருப்பேன். ஒரு வருடத்தில் முடிகிற வேலையும் மூன்று வருடத்தில் முடிகிற வேலையும் வேறு வேறு வேலைகள். எவ்வளவு காலம் இருக்கிறது என்று தெரியாத ஒருவரால் இரண்டையும் ஒழுங்காகத் திட்டமிட முடியாது. நான் விட்டுவந்த திசுக்கள் இன்குபேட்டரில் ஒரே தாளத்தில் துடித்துக்கொண்டிருந்தன. அந்தத் தரவு எந்தப் பேப்பரிலும் வரவில்லை. நஷ்டம் எனக்கு மட்டும் இல்லை, அந்த கிராண்டைக் கொடுத்தவர்களுக்கும்தான்.

சுண்டெலிகளோடு வேலை செய்யும் லேப்களில் இது இன்னும் மோசம். சுண்டெலியின் கர்ப்பகாலம் சுமார் 20 நாள். பிறந்த குட்டி இனப்பெருக்கத்துக்குத் தயாராக ஆறு முதல் எட்டு வாரம். ஆக, ஒரு தலைமுறைக்குச் சாதாரணமாக மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மரபணுக்களில் மாற்றம் உள்ள எலி வேண்டும் என்றால் தனித்தனி வரிசைகளை இணைத்து, குட்டிகளின் வாலிலோ காதிலோ சிறு துணுக்கு எடுத்து மரபணுச் சோதனை செய்து, தேவையானதை மட்டும் தேர்ந்து மறுபடி இணைக்க வேண்டும். மாற்றத்தை வேறொரு தூய இனத்துக்குக் கொண்டுபோக வழக்கமாகச் சொல்லும் பத்துத் தலைமுறைப் பின்கலப்பு, அதாவது ஒவ்வொரு தலைமுறையையும் அந்த இனத்தோடேயே மறுபடி இணைப்பது, என்றால் இரண்டரை வருடம் அதிலேயே போய்விடும். இதற்கெல்லாம் முன்னால் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேறு. இந்த வேலைக்கு 'ஓராண்டு, நீட்டிக்கப்படலாம்' என்று ஆள் கேட்டு விளம்பரம் வருகிறது. எலிக்குத் தேவையான காலம் இவ்வளவு என்று அந்த விளம்பரத்தை எழுதியவருக்குத் தெரியாமலா இருக்கும்?

எங்கள் நேரத்துக்குக் கணக்கு வைத்திருப்பவர்கள் நிறைய பேர். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள், அதாவது என்.ஐ.எச்., கொடுக்கும் கே99, சொந்த லேப் தொடங்க நினைக்கிறவர்கள் எல்லோரும் கண் வைத்திருக்கும் கிராண்ட். போஸ்ட்டாக் அனுபவம் நாலு ஆண்டுக்குள் இருந்தால்தான் அதற்கு விண்ணப்பிக்க முடியும். ஜெர்மனியில் 2007-இல் வந்த சட்டம் தற்காலிக ஒப்பந்தத்தில் முனைவர் பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டு, பின் ஆறு ஆண்டு என்று வரம்பு வைத்தது, மருத்துவத் துறைக்கு மட்டும் பின்பகுதி ஒன்பது ஆண்டு. ஐரோப்பாவின் மேரி ஸ்க்வடோவ்ஸ்கா கியூரி ஃபெலோஷிப்பில் இன்னொரு விதி: விண்ணப்பிக்கும் கெடுவுக்கு முந்தைய 36 மாதத்தில், போகப்போகிற நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வாழ்ந்திருக்கக் கூடாது. ஒரு லேப்பில் சேர்ந்து, ஒன்றரை வருடம் கழித்து, உனக்கென்று ஒரு ஃபெலோஷிப் பார்த்துக்கொள் என்று சொன்னால் அதே நாட்டில் அந்தக் கதவு ஏற்கெனவே மூடியிருக்கும். எந்தக் கதவு எப்போது மூடும் என்பதைக் கணக்குப் போட எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு தேதி. அதைத்தான் கேட்கிறேன்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. 'சொந்த ஃபெலோஷிப் கொண்டுவருபவர்கள் வரவேற்கப்படுகிறார்கள்' என்று எழுதுகிறீர்களே, எந்த ஃபெலோஷிப் யாருக்குக் கிடைக்கும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். என்.ஐ.எச். போஸ்ட்டாக்குகளுக்குக் கொடுக்கும் எஃப்32 ஃபெலோஷிப் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும்தான். தற்காலிக விசாவில் இருப்பவர் கே99-க்கு விண்ணப்பிக்கலாம், எஃப்32-க்கு முடியாது. வெளியில் இருந்து வருகிறவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. லேப்பில் சேர்ந்த பிறகு, பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயமாக இது இருக்கக் கூடாது.

சரி, சம்பளத்துக்கு வருகிறேன். 'அனுபவத்துக்கு ஏற்ப' என்பது யாருக்கும் கெடுதல் நினைத்து எழுதிய சொல் இல்லை என்று தெரியும். ஆனால் எண்ணை எழுதாமல் விட்டால் அந்த இடத்தை எது நிரப்புகிறது என்று 2012-இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஓர் ஆய்வில் காட்டினார்கள். லேப் மேலாளர் வேலைக்கான ஒரே விண்ணப்பத்தை, உயிரியல், வேதியியல், இயற்பியல் துறைகளைச் சேர்ந்த 127 பேராசிரியர்களுக்கு அனுப்பினார்கள். பாதிப் பேருக்குப் போன விண்ணப்பத்தில் பெயர் ஜான், மீதிப் பேருக்குப் போனதில் ஜெனிஃபர், மற்றபடி ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஜானுக்குக் கொடுக்கலாம் என்று சொன்ன சம்பளத்தின் சராசரி 30,238 டாலர், ஜெனிஃபருக்கு 26,508 டாலர். பெண் பேராசிரியர்களும் அப்படியேதான் மதிப்பிட்டிருந்தார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. எண் முன்கூட்டியே தாளில் இருந்திருந்தால் அந்த 3,700 டாலர் வித்தியாசத்துக்கு இடமே இருந்திருக்காது. நம் துறையில், நம் மாதிரி லேப்பின் வேலைக்கே செய்த ஆய்வு என்பதால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எண்ணை வெளியில் சொல்வதால் ஒன்றும் இடிந்து விழாது. என்.ஐ.எச். தன் பயிற்சி கிராண்டுகளில் போஸ்ட்டாக்குகளுக்கு எவ்வளவு என்று ஆண்டுதோறும் அட்டவணையே வெளியிடுகிறது, 2024-இல் புதிதாகச் சேர்பவருக்கு 61,008 டாலர், அனுபவம் ஏற ஏற அது ஏறும். அதன் ஆலோசனைக் குழு 2023 டிசம்பரில் குறைந்தது 70,000 டாலராவது வேண்டும், போஸ்ட்டாக் காலத்தை ஐந்து ஆண்டுக்குள் நிறுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த நெறிமுறைப்படி வேலைக்கு விண்ணப்பிப்பவருக்குத் தொடக்கச் சம்பளத்தையோ அதன் வரம்பையோ முன்கூட்டியே சொல்ல வேண்டும், உறுப்பு நாடுகள் அதைச் சட்டமாக்க வைத்த கெடு 2026 ஜூன் 7. சட்டம் வந்து சொல்ல வைப்பதற்கு முன்னால் நீங்களாகச் சொல்லிவிட்டால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2022 நவம்பரில் போஸ்ட்டாக்குகளும் ஆய்வாளர்களும் முதுநிலை மாணவர்களுமாகச் சுமார் 48,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பிப்பெட்டை வைத்துவிட்டு வெளியே வந்து நிற்பது இவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று லேப்பில் வேலை செய்த யாருக்கும் தெரியும். செல்கள் காத்திருக்காது. அதையும் மீறி வந்தார்கள் என்றால் உள்ளே எவ்வளவு அடைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் சில பேராசிரியர்கள் 'போஸ்ட்டாக் என்பது பயிற்சிதானே' என்பார்கள். ஆமாம், என்.ஐ.எச்.-உம் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையும் 2007-இல் கொடுத்த வரையறையிலும் வழிகாட்டுதலோடு கூடிய மேற்பயிற்சி, தற்காலிகம், வரையறுத்த காலம் என்றுதான் இருக்கிறது. அந்த வரையறையை அப்படியே எடுத்துக்கொள்வோம். வரையறுத்த காலம் என்றால் அந்தக் காலம் எவ்வளவு என்று எழுத வேண்டும். பயிற்சி என்றால் எதில், யாரிடம், வாரத்துக்கு எவ்வளவு நேரம் என்று எழுத வேண்டும். பிரிட்டனில் 2019-இல் திருத்திய ஆய்வாளர் மேம்பாட்டு உடன்பாட்டில் வருடத்துக்குக் குறைந்தது பத்து நாள் ஆய்வாளரின் சொந்தத் தொழில் வளர்ச்சிக்கென்று ஒதுக்க வேண்டும் என்று இருக்கிறது. பத்து நாள் என்று எண்ணிச் சொல்ல முடிகிறது, பாருங்கள். சம்பளம் பேசும்போது மட்டும் பயிற்சியாளராகவும், சனிக்கிழமை எலிக்கூண்டுகளைப் பார்க்க வேண்டியிருக்கும்போது ஊழியராகவும் ஒருவரை வைத்துக்கொள்வது நியாயமில்லை.

அப்புறம், வேலை என்ன என்பது. விளம்பரத்தில் 'உறுப்பு மாதிரிச் சில்லுகளில் நோய் ஆய்வு' என்று இருக்கும், போய்ச் சேர்ந்தால் நேரத்தில் பாதி லேப்புக்குப் பொருள் வாங்குவதிலும், புது மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதிலும், தலைவரின் அடுத்த கிராண்டுக்குப் படம் வரைவதிலும் போகும். இந்த வேலைகளில் கேவலம் ஒன்றும் இல்லை, யாராவது செய்தாக வேண்டும், நானே விரும்பிச் செய்திருக்கிறேன். ஆனால் முன்பே சொல்லுங்கள். சொந்த லேப் வேண்டும் என்று நினைக்கிற ஒருவருக்கு அந்தப் பாதி நேரம் என்பது ஒரு பேப்பர். லேப்பை நடத்திக்கொடுப்பதுதான் பிடிக்கும் என்கிறவருக்கு அதே வேலை மகிழ்ச்சி. இரண்டு வகை மனிதரும் நம்மிடையே இருக்கிறார்கள், நாம்தான் இருவரையும் ஒரே விளம்பரத்தால் கூப்பிட்டு, ஒருவரை ஏமாற்றி அனுப்புகிறோம்.

இரண்டாவது வகை மனிதர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கான இடங்கள்தான் ரொம்பக் குறைவு. என் இரண்டாவது லேப்பில் இரு ஃபோட்டான் மைக்ரோஸ்கோப் ஒன்று இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டவர் ஓர் ஆய்வுப் பொறியாளர். காலையில் வந்ததும் லேசரை ஓட விட்டு, அது சூடேறி நிதானத்துக்கு வரும் வரை தொடமாட்டார், யாரையும் தொட விடவும் மாட்டார். பிறகு கற்றை எங்கே விழுகிறது என்று பார்த்து, ஒரு கண்ணாடியின் திருகைக் கால் சுற்று, சில நாள் அதிலும் பாதி, திருப்புவார். எந்தத் திருகை எந்தப் பக்கம் என்பது எந்தக் கையேட்டிலும் இல்லை, அவர் விரலில் இருந்தது. எங்கள் எல்லாப் பேப்பரிலும் படங்கள் அவர் கையால் வந்தவை. அவர் ஒப்பந்தம் ஆறு ஆறு மாதமாக நீண்டது. ஒரு முறை நீட்டிப்புத் தாள் தாமதமானது, அவருக்கு இரண்டு பிள்ளைகள், வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாலு மாதம் அந்த மைக்ரோஸ்கோப்பில் உருப்படியாக ஒரு படம் எடுக்க முடியவில்லை. நாங்கள் ஐந்து பேர் முறை வைத்து முயன்று பார்த்தோம். அவர் விட்டுப்போன நோட்டில் 'ஈரம் அதிகமான நாளில் பொறுமை' என்று ஒரு வரி இருந்தது. அது எங்களுக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை.

இதைவிடப் பெரிய கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜெல்லிமீனின் பச்சை ஒளிர் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்து 1992-இல் வெளியிட்டவர் டக்ளஸ் பிராஷர். தொடர்ந்து ஆய்வு செய்ய அவருக்குப் பணம் கிடைக்கவில்லை. கையில் இருந்த மரபணுவை மார்ட்டின் சால்ஃபிக்கும் ரோஜர் சியனுக்கும் அனுப்பிவைத்துவிட்டு அந்த வேலையில் இருந்து விலகினார். ஒசாமு ஷிமோமுராவோடு சேர்த்து அவர்கள் மூவருக்கும் 2008-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது பிராஷர் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். பரிசு பெற்றவர்கள் அவரை மறக்கவில்லை, விழாவுக்கு அழைத்துச் சென்றார்கள். ஆனால் இன்று உலகத்தில் செல்லைப் பச்சையாக ஒளிர வைக்காத உயிர்மருத்துவ லேப் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பதே கஷ்டம், அந்த மரபணுவை எடுத்துக்கொடுத்தவருக்கு அன்று ஒரு லேப்பில் ஓர் இடம் இல்லை. எப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிற விஷயம் இது.

லேப் தலைவர் ஆகாமலே ஆய்வில் நிலைத்திருக்க ஒரு வழி வேண்டும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் ஆர்50 என்று ஒரு கிராண்ட் வைத்திருக்கிறது, சொந்த லேப் இல்லாத ஆய்வு வல்லுநர்களின் சம்பளத்துக்காகவே. அந்த மாதிரி இடங்களை எழுதிக் கேளுங்கள். ஐந்தாண்டு கிராண்ட் எழுதும்போது இரண்டு போஸ்ட்டாக் இடத்துக்குப் பதில் ஒரு போஸ்ட்டாக், ஒரு நிலையான ஆய்வுப் பணியாளர் என்று கேட்டால் என்ன? ஆள் மாற மாற ஒவ்வொரு முறையும் கற்றுக்கொடுப்பதில் போகும் மாதங்களைக் கூட்டிப் பார்த்தால் செலவு ஒன்றும் அதிகமாகத் தெரியாது. நான் இன்று நிரந்தர வேலையில் இருப்பதும் யாரோ ஒருவர் அப்படி எழுதிக் கேட்டதால்தான்.

போகும்போது என்ன எடுத்துக்கொண்டு போகலாம் என்பதும் விளம்பரத்தில் இல்லாவிட்டாலும் நேர்காணலிலாவது பேசப்பட வேண்டும். மூன்று வருடம் ஒரு கருவியை வடிவமைத்து, செல் வரிசையை உருவாக்கி, நிரல் எழுதி முடித்தவரிடம் கிளம்பும் நேரத்தில் 'இது லேப்பின் திட்டம், இதில் நீ தொடர முடியாது' என்று சொல்வது எத்தனை இடங்களில் நடக்கிறது. சொந்த லேப்புக்கு விண்ணப்பிக்கும்போது முதல் கேள்வியே உங்கள் பழைய தலைவரின் வேலையில் இருந்து உங்கள் வேலை எப்படி வேறு என்பதுதான். பொறியியல் பக்கம் காப்புரிமை வேறு இருக்கிறது, யார் பெயர் வரும், பங்கு எப்படி என்பதை முதல் வாரமே தாளில் எழுதிக்கொள்வது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. எனக்குத் தெரிந்த ஒரு தலைவர் நேர்காணலிலேயே 'இந்த மூன்று கேள்வியில் எது வேண்டுமோ எடுத்துக்கொள், போகும்போது அது உன்னுடையது, நான் அதில் கை வைக்க மாட்டேன்' என்று சொல்லி, அதை மின்னஞ்சலிலும் எழுதிவிடுவார். அவர் லேப்பில் இடம் விழுந்தால் செய்தி தானாகப் பரவும்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். பரிந்துரைக் கடிதம் மூன்றை விண்ணப்பத்தோடேயே கேட்காதீர்கள், பட்டியலைச் சுருக்கிய பிறகு கேளுங்கள். இப்போது இருக்கும் தலைவருக்குத் தெரியாமல் வேலை தேடுகிறவருக்கு அது பெரிய சிக்கல். ஆளை முடிவு செய்துவிட்டு விதிக்காக மட்டும் விளம்பரம் போட வேண்டியிருந்தால், அந்த விதியை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், ஒருவர் அந்த விண்ணப்பத்துக்காக இரண்டு ராத்திரி தூங்காமல் இருந்திருப்பார். 'உயர் மதிப்பு இதழ்களில் பேப்பர்' என்று எழுதும் கை கொஞ்சம் நிற்கட்டும். சான் ஃபிரான்சிஸ்கோவில் 2012-இல் செல் உயிரியலாளர்களின் கூட்டத்தில் உருவான டோரா பிரகடனம், இதழின் தாக்கக் குறியீட்டை (அதன் பேப்பர்களை மற்றவர்கள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற எண்ணை) வைத்து ஆளை எடை போடாதீர்கள் என்றுதான் சொல்கிறது, உங்களில் பலருடைய நிறுவனங்கள் அதில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. அப்புறம் பதில். இல்லை என்றாலும் ஒரு வரி. முதல் லேப்பை விட்டபோது நான் 41 விண்ணப்பம் அனுப்பினேன், பதில் வந்தது ஒன்பதுக்கு. மீதியில் சில விளம்பரங்கள் எட்டு மாதம் கழித்தும் அப்படியே நின்றன. ஆள் வந்துவிட்டாரா, பணம் போய்விட்டதா, இன்னும் தேடுகிறார்களா, ஒன்றும் புரியாது. வேண்டாம் என்று ஒரு வரி வந்திருந்தால் அன்றைக்கே மனசை அடுத்த இடத்துக்குத் திருப்பியிருப்பேன்.

உங்கள் பக்கமும் எனக்குத் தெரியாமல் இல்லை. கிராண்ட் உங்கள் கையிலும் இல்லை, புதுப்பிக்கும் முடிவு உங்களுக்கே கடைசி நிமிடத்தில்தான் வருகிறது, சம்பள விகிதத்தை மனிதவளப் பிரிவு வைக்கிறது, பணம் இல்லை என்று ஒருவரிடம் சொல்வதற்கு முந்தின ராத்திரி நீங்களும் தூங்குவதில்லை. எல்லாம் உண்மை. அதனால்தான் முடியாததை நான் கேட்கவில்லை. உறுதி கொடுங்கள் என்று கேட்கவில்லை. பணம் இந்தத் தேதி வரை இருக்கிறது, அதற்கு மேல் இந்தக் கிராண்டுக்கு விண்ணப்பித்திருக்கிறோம், முடிவு இந்த மாதம் தெரியும் என்று உங்களுக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுங்கள் என்கிறேன். நிச்சயமில்லாத நிலையை நிச்சயமில்லை என்று சொன்னால் அதைப் புரிந்துகொள்ளக் கூடியவர்கள்தான் நாங்கள். அளவீட்டுப் பிழையைப் பக்கத்திலேயே எழுதிவைத்து வேலை செய்கிறவர்கள் எங்களைத் தவிர யார்?

எங்கள் லேப்பில் இந்த மாதம் ஓர் இடம் விழுந்திருக்கிறது. விளம்பரத்தை நான்தான் எழுதினேன். சம்பளம் எந்தப் படியில் தொடங்கி எங்கே முடியும் என்று எண்ணாகப் போட்டிருக்கிறோம். வேலையில் மூன்றில் ஒரு பங்கு மைக்ரோஸ்கோப் பொறுப்பு என்று எழுதியிருக்கிறோம். பணம் கையில் இருப்பது 22 மாதத்துக்கு என்று எழுதி, முடியும் தேதியை நாள், மாதம், ஆண்டோடு போட்டிருக்கிறோம். அதை அலுவலகத்துக்கு அனுப்பியபோது, மற்றதெல்லாம் சரி, தேதி உள்ள வரியை மட்டும் எடுத்துவிடலாமே, பார்ப்பவர்கள் தயங்குவார்கள் என்று குறிப்பு எழுதித் திரும்ப வந்தது. என் தலைவரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, இருக்கட்டும், அனுப்பு என்றார். நேற்று சாயங்காலம் அந்த வரியோடேயே மறுபடி அனுப்பியிருக்கிறேன்.